குறுக்கிட்ட இரண்டு கம்பிகள்: ஆன்டெனா ஊட்டுக் கருவிக்குக் காப்புரிமை ஆய்வு நடக்கும் விதம்

ஆன்டெனா என்றதும் மொட்டை மாடிக் கம்பத்தில் நிற்கும் அலுமினியக் குழாய்களே பலருக்கும் நினைவுக்கு வந்தாலும், அக்குழாய்களுக்கும் கீழே இறங்கும் கேபிளுக்கும் நடுவில் உள்ள சிறிய இணைப்பமைப்பே, கம்பியில் ஓடிவரும் மின்சமிக்ஞையில் எவ்வளவு அலையாக வெளியேறும், எந்தத் திசையில் செல்லும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. இதைப் பொறியாளர்கள் ஊட்டு அமைப்பு என்பர். அனுப்பும் ஆன்டெனாவுக்குச் சமிக்ஞையைக் கொண்டுசேர்ப்பதும், வாங்கும் ஆன்டெனாவிலிருந்து அதே வழியாகச் சமிக்ஞையை எடுத்துவருவதும் இதன் பணி. இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் வரும்போது காப்புரிமை அலுவலக ஆய்வாளர் எதிர்கொள்ளும் சிக்கல் தனித்தன்மை உடையது; ஏனெனில் ஊட்டு அமைப்பின் உறுப்புகளான கம்பி, குழாய், துளை, உலோகத் தகடு ஆகியவை அனைத்தும் பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களில் இடம்பெற்றிருப்பவை. பழைய உறுப்புகளைப் புதிய முறையில் சேர்த்திருப்பது கண்டுபிடிப்பா, அத்துறையில் பழகிய எவரும் செய்துவிடக்கூடிய ஒட்டுவேலையா என்பதே அவர் விடைகாண வேண்டிய வினா. அமெரிக்காவில் ஒரே ஆன்டெனாவைப் பற்றி எழுந்த இவ்வினாவுக்கு இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1968-லும் 1970-லும் நேரெதிரான விடைகளை அளித்தன.

ஊட்டு அமைப்பு தீர்க்க வேண்டிய இடர்கள் முதன்மையாக இரண்டு. முதலாவது மின்எதிர்ப்புப் பொருத்தம். மாறுதிசை மின்னோட்டத்துக்குக் கம்பியோ ஆன்டெனாவோ காட்டும் மொத்தத் தடுப்பே மின்எதிர்ப்பு ஆகும். நடுவில் பிரிக்கப்பட்டு இரு புறமும் சம நீளக் கைகளைக் கொண்ட எளிய ஆன்டெனாவான அரை அலைநீள டைபோலுக்கு அது ஏறத்தாழ 73 ஓம். இன்றைய தொலைக்காட்சிக் கேபிளுக்கு 75 ஓம். முன்பு ஆன்டெனாவிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு இறங்கிய தட்டையான இரட்டைக் கம்பிக்கு 300 ஓம். பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் சமிக்ஞையின் ஒரு பகுதி இணைப்பிலேயே எதிரொளித்துத் திரும்பிவிடும். இரண்டாவது இடர் சமநிலை பற்றியது. டைபோலின் இரு கைகளும் ஒன்றுக்கொன்று சமமானவை. கோஆக்சியல் கேபிளிலோ உள்ளே ஓடும் கம்பியும் அதைச் சுற்றியுள்ள உலோக உறையும் சமமானவை அல்ல என்பதால், இரண்டையும் நேராக இணைக்கும்போது உறையின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடத் தொடங்கி, கேபிளே விரும்பாத ஆன்டெனாவாக மாறிவிடுகிறது. இதைத் தடுக்க நடுவில் வைக்கப்படும் அமைப்புக்குப் பேலன் என்று பெயர். ஊட்டுக் கருவி பற்றிய காப்புரிமை விண்ணப்பங்களில் கணிசமானவை இவ்விரண்டு இடர்களில் ஒன்றையோ இரண்டையுமோ முன்னைவிடச் சிறிய இடத்தில், அல்லது முன்னைவிட அகன்ற அலைவரிசையில் தீர்ப்பதாகச் சொல்பவை.

காப்புரிமை விண்ணப்பத்தில் விவரக்குறிப்பு, வரைபடங்கள், உரிமைக்கோரல்கள் ஆகியவை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் எடை மிகுந்தவை இறுதியில் வரும் உரிமைக்கோரல்களே. பிறர் நுழையக் கூடாத எல்லையை வகுக்கும் வாக்கியங்கள் அவை. கருவி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை ஆய்வாளர் பட்டறையில் சோதித்துப் பார்ப்பதில்லை. அந்த வாக்கியங்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் விண்ணப்ப நாளுக்கு முன் எங்கேனும் வெளிவந்திருக்கிறதா என்று தேடுகிறார். பழைய காப்புரிமைகள், ஆய்விதழ்க் கட்டுரைகள், மாநாட்டுத் தொகுப்புகள், விற்பனைப் பட்டியல்கள் என இவ்வாறு கிடைப்பவற்றை முன்சான்று எனலாம். ஓர் உரிமைக்கோரலின் எல்லா உறுப்புகளும் ஒரே முன்சான்றில் ஒருங்கே இருந்தால் விண்ணப்பத்துக்குப் புதுமை இல்லை என்று முடிவாகிவிடும். அவ்வாறு இல்லாமல், ஓர் உறுப்பு ஒரு சான்றிலும் மற்றோர் உறுப்பு வேறொன்றிலும் சிதறிக் கிடந்தால், அவற்றைச் சேர்ப்பது அத்துறையில் சாதாரணத் திறன் கொண்டவருக்கு வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா என்னும் இரண்டாவது வினா எழுகிறது. இதைக் கடப்பதற்குத் தேவையான தகுதியே புத்தாக்கப் படி எனப்படுகிறது. ஊட்டுக் கருவிகள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான்.

தேடலுக்குத் துணையாக உலகளாவிய காப்புரிமை வகைப்பாடு ஒன்று உள்ளது. அதில் ஆன்டெனாக்கள் எச்01கியூ என்னும் பிரிவிலும், அலைவழிப்படுத்திகளும் அவை போன்ற இணைப்பு உறுப்புகளும் எச்01பி என்னும் பிரிவிலும் வைக்கப்பட்டுள்ளன. ஊட்டுக் கருவி இவ்விரு பிரிவுகளின் எல்லையில் நிற்பதால், ஒன்றில் மட்டும் தேடும் ஆய்வாளர் மற்றதில் கிடக்கும் நெருங்கிய முன்சான்றைத் தவறவிட வாய்ப்புண்டு. உலோகத் தொடர்பே இல்லாமல், தகட்டில் வெட்டிய சிறு பிளவின் வழியாகச் சமிக்ஞையைத் தட்டை ஆன்டெனாவுக்கு ஊட்டலாம் என்று டேவிட் போசார் 1985-இல் வெளியிட்ட கருத்து ஆய்விதழ்க் கட்டுரையாகவே வந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். காப்புரிமை ஆவணங்களை மட்டும் புரட்டுவது போதாது என்பதற்கு அது தக்க சான்று.

மேலே குறிப்பிட்ட அமெரிக்க வழக்குக்கு மூலமான ஆன்டெனா, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆன்டெனா ஆய்வகத்தில் உருவானது. ஒரே ஆன்டெனா பல அலைவரிசைகளிலும் ஒரே தன்மையோடு இயங்க வேண்டும் என்பது 1950-களில் அங்கு நடந்த ஆராய்ச்சியின் இலக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 2 முதல் 13 வரையான அலைவரிசைகள் 54 முதல் 216 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருந்ததால், இது வெறும் கோட்பாட்டு ஆர்வமாக நின்றுவிடவில்லை. அவ்வாய்வகத்தைச் சேர்ந்த டுஹாமலும் டுவைட் இஸ்பெல்லும் 1957-இல் பல்வரிசை போல வெட்டப்பட்ட உலோகத் தகடுகளைக் கொண்ட லாக்-பீரியாடிக் ஆன்டெனாவை விவரித்தனர். அதன் அளவுகள் ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போவதால், அதிர்வெண் மாறும்போது ஆன்டெனாவின் வேறொரு பகுதி வேலையை ஏற்றுக்கொள்கிறது. இஸ்பெல் அடுத்து, தகடுகளை விட்டுவிட்டு நேரான டைபோல்களையே அதே விகித முறையில் ஒரு தளத்தில் வரிசைப்படுத்தினார். இன்றும் பல நாடுகளில் வீட்டுக் கூரைகளிலும் அளவீட்டு ஆய்வகங்களிலும் நிற்கும் லாக்-பீரியாடிக் டைபோல் வரிசை அதுவே.

அந்த ஆன்டெனாவின் உயிர் அதன் ஊட்டலில் இருக்கிறது. சமிக்ஞை மிகக் குட்டையான டைபோல் இருக்கும் முன்முனையில் நுழைந்து, இரட்டைக் கம்பி வழியே நீளமான டைபோல்களை நோக்கிப் பின்னே செல்கிறது. எந்த டைபோல்கள் அந்த அதிர்வெண்ணுக்கு ஏறத்தாழ அரை அலைநீளம் கொண்டவையோ, அவற்றில் மட்டும் வலுவான மின்னோட்டம் எழுகிறது. கம்பிகளை நேராக ஓடவிட்டு டைபோல்களை இணைத்தால், அருகருகே உள்ள டைபோல்களின் அலைகள் பின்புறமாக, நீண்ட டைபோல்கள் நிற்கும் திசையில் ஒன்றுகூடி அவற்றால் குலைக்கப்படும். ஒவ்வொரு டைபோலைக் கடந்ததும் இரண்டு கம்பிகளும் குறுக்கிட்டு இடம் மாறினாலோ, அடுத்தடுத்த டைபோல்களுக்கு இடையே 180 பாகைக் கட்ட வேறுபாடு கூடுதலாகச் சேர்ந்து, அலைகள் முன்புறம் ஒன்றுகூடிப் பின்புறம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கட்டம் என்பது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த நிலையில் உள்ளது என்பதைக் குறிக்கும் அளவு. நடைமுறையில் கம்பிகளை உண்மையிலேயே பின்ன வேண்டியதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய்களை வைத்து, ஒரு டைபோலின் வலக் கையை மேல்குழாயிலும் இடக் கையைக் கீழ்க்குழாயிலும் பொருத்தி, அடுத்ததற்கு அதை மாற்றிப் பொருத்தினால் போதும். கோஆக்சியல் கேபிளை ஒரு குழாயின் உட்புறமாகவே முன்முனை வரை கொண்டுசென்று, அதன் உறையை அதே குழாயோடும் உள்கம்பியை மற்றக் குழாயோடும் இணைத்துவிட்டால் தனியாகப் பேலன்கூடத் தேவைப்படாது. ஒரே உறுப்பு இரண்டு வேலைகளைச் செய்துவிடும் அழகிய வடிவமைப்பு இது.

இஸ்பெல்லின் கட்டுரை 1960 மே மாத ஆய்விதழில் வெளிவந்தது. காப்புரிமை விண்ணப்பம் அதே ஆண்டு மே 3 அன்று தாக்கல் செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுக்குப் பின் 1965 அக்டோபர் 5 அன்று 3,210,767 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டு, இல்லினாய் பல்கலைக்கழக அறக்கட்டளையின் உடைமையாயிற்று. அறக்கட்டளை முதலில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த வைன்கார்டு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. நேரான டைபோல்கள் பழையவை, விகித முறையில் சிறுக்கும் அமைப்பு பழையது, குறுக்கிடும் ஊட்டுக் கம்பியும் பழையது, ஆகவே அகன்ற அலைவரிசை ஆன்டெனாவை நாடும் சாதாரணத் திறனாளர் இவற்றைச் சேர்த்திருப்பார் என்று சொல்லி அங்குள்ள நீதிமன்றம் 1967-இல் காப்புரிமையைச் செல்லாததாக்க, எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968-இல் அதை உறுதிசெய்தது. நியூ ஜெர்சியின் பிளாண்டர்-டங் நிறுவனத்தின் மீதான வழக்கிலோ சிகாகோ நீதிமன்றம் அதே காப்புரிமை செல்லும் என்றது; ஏழாம் வட்டார நீதிமன்றமும் 1970-இல் அதையே சொன்னது.

இவ்விரு பார்வைகளையும் எடைபோடுவதற்குக் குறுக்கிடும் கம்பியின் பழைய வரலாறு உதவும். கூமன்ஸ் என்னும் டச்சுப் பொறியாளரின் பெயரால் அறியப்படும் சிற்றலை ஆன்டெனா வரிசையிலும் ஊட்டுக் கம்பிகள் குறுக்கிட்டே சென்றன. ஆனால் அங்கே டைபோல்கள் கம்பியின் வழியே அரை அலைநீள இடைவெளியில் அமைந்திருந்தன; அந்தத் தொலைவைக் கடக்கையில் சமிக்ஞை தானாகவே 180 பாகை பின்தங்குவதால், அதைச் சரிக்கட்டி எல்லா டைபோல்களையும் ஒரே கட்டத்தில் இயக்கவே கம்பிகள் குறுக்கிடச் செய்யப்பட்டன. இஸ்பெல்லின் வரிசையில் டைபோல்கள் நெருங்கி நிற்க, குறுக்கீடு அவற்றை எதிர்க்கட்டத்தை நோக்கித் தள்ளுகிறது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யும் வேலையோ வேறு. உறுப்புகளின் பெயர்களை எண்ணிச் சரிபார்ப்பதோடு நிற்கும் ஆய்வு இந்த வேறுபாட்டைக் காணாது. பழைய சான்றில் அவ்வுறுப்பு எந்த நோக்கத்துக்காக இருந்தது, அந்த நோக்கம் புதிய இடத்துக்கு அதைக் கொண்டுவரத் தூண்டியிருக்குமா என்று கேட்பதே நேர்மையான ஆய்வு. விடை தெரிந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் எளிதாகத் தோன்றுவது மனித இயல்பு. அந்த இயல்புக்கு ஆய்வாளர் இடம்கொடுக்கக் கூடாது.

இரண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்புகளுக்கும் இடையிலான முரண்பாடு 1971 மே 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு முடிவுக்கு வந்தது. ஆன்டெனா கண்டுபிடிப்பா இல்லையா என்னும் வினாவை அந்நீதிமன்றம் தீர்த்துவைக்கவில்லை. ஒரு வழக்கில் முழுமையாகவும் நியாயமாகவும் வாதிட வாய்ப்புப் பெற்றுத் தோற்ற காப்புரிமையாளர், அதே காப்புரிமையின் செல்லுந்தன்மையை வேறொருவருக்கு எதிராக மீண்டும் நிலைநாட்ட முயல முடியாது என்று, 1936 முதல் நிலவிய விதியை அது மாற்றியது. ஒரு தோல்வியே காப்புரிமையை எங்கும் முடக்கிவிடக்கூடும் என்றான பின், தொடக்கத்திலேயே உரிமைக்கோரலை உறுதியாக எழுதுவதும், ஆய்வின்போது அதைக் கடுமையாகச் சோதித்துக்கொள்வதும் விண்ணப்பதாரரின் நலனுக்கே உரியவையாயின.

இந்தியாவில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இதே வினாவை இரண்டு வழிகளில் எழுப்புகிறது. பிரிவு 2(1)(ஜேஏ) புத்தாக்கப் படி என்பதற்குத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ வேண்டும் என்றும், அதனால் கண்டுபிடிப்பு துறைசார்ந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாக இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. பிரிவு 3(எஃப்), தெரிந்த கருவிகள் தத்தம் தெரிந்த முறையில் தனித்தனியே இயங்கும் நிலையில் அவற்றை வெறுமனே வரிசைப்படுத்துவதும் மாற்றி அடுக்குவதும் கண்டுபிடிப்பே அல்ல என்று விலக்குகிறது. இதில் ‘தனித்தனியே இயங்கும்’ என்பதுதான் ஊட்டுக் கருவிக்கு உயிர்நாடியான நிபந்தனை. பெட்டி ஒன்றுக்குள் பேலனையும் இடி தாங்கியையும் அருகருகே வைத்தால் அவை தனித்தனியே இயங்குகின்றன. குறுக்கிடும் கம்பியோ விகித இடைவெளியோடு சேர்ந்தால் மட்டுமே முன்புறக் கதிர்வீச்சைத் தருகிறது. பாத்திர உற்பத்திக் கருவி ஒன்றைப் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978-இல் அளித்த தீர்ப்பும், பட்டறை மேம்பாடு என்னும் நிலையைக் கடந்த ஒன்று இருந்தாக வேண்டும் என்றே கூறியது.

தென்மாநிலங்களின் விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு உரியவை. விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பின் வெளியிடப்படுகிறது. ஆனால் தனியாக வேண்டுகோள் அளித்தாலன்றி ஆய்வு தொடங்காது. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அதற்கான காலக்கெடு முந்தைய 48 மாதங்களிலிருந்து 31 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆய்வாளரின் முதல் அறிக்கை வந்ததும் விடையளிக்க ஆறு மாதங்கள் உண்டு. மேலும் மூன்று மாதங்கள் நீட்டிப்புக் கேட்கலாம். வெளியான விண்ணப்பத்தை, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே எவரும் எதிர்க்கலாம் என்பது இந்தியச் சட்டத்தின் நல்ல கூறுகளில் ஒன்று; ஆய்வாளர் கண்ணில் படாத பழைய விற்பனைப் பட்டியல் போட்டி நிறுவனத்தின் அலமாரியிலிருந்து வெளிவருவது அந்த வழியாகத்தான். மறுக்கப்பட்டவர்கள் முன்பு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குச் சென்றனர். அது 2021-இல் கலைக்கப்பட்டதால் இப்போது உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

ஆய்வறிக்கைக்கு விடை எழுதும் கட்டத்தில் விண்ணப்பதாரர்கள் மிகுதியும் சிக்குவது பிரிவு 59-இல். உரிமைக்கோரலைக் குறுக்கலாம், பிழை திருத்தலாம், விளக்கலாம். முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இல்லாத பொருளைப் பின்னர் நுழைக்க இயலாது. கம்பிகள் குறுக்கிடும் அமைப்பை வரைபடத்தில் காட்டிவிட்டு, அது ஏன் அவ்வாறு இருக்கிறது என்று எழுதாமல் விட்டவர், ஆய்வாளர் கூமன்ஸ் வரிசையைப் போன்ற ஒன்றை முன்வைக்கும்போது, தன் கருவியில் அதன் வேலை வேறு என்று நிறுவுவதற்கு ஆவணத்தில் ஊன்றுகோல் இன்றித் தவிப்பார். ஆகவே தாக்கல் செய்யும் நாளிலேயே, குறுக்கீட்டோடும் குறுக்கீடு இன்றியும் ஒரே ஆன்டெனாவை அளந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சமிக்ஞை இணைப்பிலிருந்து திரும்பியது, எத்திசையில் கதிர்வீச்சு மிகுந்தது என்பதற்கான வரைகோடுகளை விவரக்குறிப்பில் சேர்ப்பது இன்றியமையாதது. முதல் அறிக்கைக்கான விடையிலும், அதன்பின் நடக்கும் நேர்முக விசாரணையிலும் அந்த அளவீடுகளையே ஆதாரமாகச் சுட்ட முடியும்.