ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு மணி நேரம்

மேலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். "அழகர் ஆற்றில் இறங்கி நாலு நாள்தான் ஆனாற்போல் இருக்கிறது, அதற்குள் அடுத்த சித்திரைக்குப் பந்தல் போடுகிறார்கள். சின்ன வயதில் ஒரு திருவிழாவுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் நடுவே ஒரு யுகம் கிடந்தது. வயதானால் காலம் வேகமாக ஓடும் என்கிறார்களே, உண்மையா?"

அறிவியல் வாய் திறப்பதற்குள் வாட்ஸ்அப் பதில் சொல்லிவிட்டது. பத்து வயதுப் பையனுக்கு ஓராண்டு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, அறுபது வயதுக்காரருக்கு அறுபதில் ஒரு பங்கு, எனவே வருடம் சுருங்கித் தெரிகிறது என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. 1877இல் பால் ஜானே என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன யோசனை இது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் தன் வயதால் வகுத்துப் பார்த்துவிட்டுப் பொழுதை உணர்வதில்லை. 2005இல் மார்க் விட்மன், சாண்ட்ரா லெனாஃப் ஆகிய இருவரும் 14 முதல் 94 வயது வரையிலான 499 பேரை விசாரித்தார்கள். போன வாரம் எப்படிப் போனது, போன மாதம் எப்படிப் போனது என்று கேட்டால் இளைஞர் பதிலுக்கும் முதியவர் பதிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'கடந்த பத்து ஆண்டுகள்' என்று கேட்டபோதுதான் வயதின் சாயல் தெரிந்தது, அதுவும் லேசாக. வயது ஏற ஏற நேரம் தலைதெறிக்க ஓடுகிறது என்பதற்கு இவ்வளவுதான் ஆதாரம்.

வருடக் கணக்கைக் கொஞ்ச நேரம் தள்ளி வைப்போம். மணிக் கணக்கில் மதுரைக்காரர்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். ஊருக்குள் அது பலருக்குத் தெரியாது.

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டினால் வரும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், விலங்கு நடத்தைத் துறையை எம்.கே. சந்திரசேகரன் நடத்திவந்தார். உயிர்க் கடிகாரங்களை ஆராய்வதே அவர் தொழில். அவருடைய குழு வளாகத்திலேயே ஒரு தனிமை அறையை வைத்திருந்தது. உள்ளே கடிகாரம், வானொலி, செய்தித்தாள், வெயில் எதுவும் எட்டிப் பார்க்காது. தானாக முன்வந்த ஒருவர் உள்ளே போய், தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துத் தூங்கி, விழித்தால் எழுந்து, தன் போக்கில் வாழ வேண்டும். கூடவே ஒரு சின்ன வேலை. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று தோன்றும்போதெல்லாம் அதைத் தெரிவிக்க வேண்டும்.

1991இல் வெளியான முடிவு இதுதான். ஒருவர் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறாரோ, அதற்கு நேர்விகிதமாக அவருடைய 'இரண்டு மணி நேரம்' நீண்டது. நீண்ட பகல் வாழ்ந்தவரின் இரண்டு மணி நேரமும் நீண்டுவிட்டது. குறுகிய பகல் வாழ்ந்தவருக்கு அது குறுகியது. இன்னும் விநோதம் என்னவென்றால், ஒருவர் இன்றைக்கு எவ்வளவு நேரம் விழித்திருக்கப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் காலையில் அவர் மதிப்பிடும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே அன்றைய பகலின் நீளம் ஒளிந்திருப்பதுபோல் தெரிகிறது. எங்கோ உள்ளே பகல் முழுவதும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டு, அதிலிருந்து துண்டு போடப்படுகிறது.

மல்லிகைப்பூ வாங்கிய யாருக்கும் இது புரியும். பூக்காரம்மா அளப்பது அவர் கையால். அவருடைய முழம் அவர் முழங்கைக்குச் சொந்தம். இப்போது இரவோடிரவாக யாரோ பூக்காரம்மாவின் கையையும், கூடையிலுள்ள சரத்தையும் சேர்த்து ஒன்றரை மடங்கு நீட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். விடிந்ததும் அளந்து பார்ப்பார். நேற்றும் எட்டு முழம், இன்றும் எட்டு முழம். ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றவே வழியில்லை. வாங்குகிற அக்காவின் கொண்டையும் அதே அளவு பெருத்திருந்தால் அவரும் புகார் சொல்லமாட்டார். தனிமை அறையில் பதினாறு மணி நேரம் விழித்திருப்பவருக்கு எட்டு 'இரண்டு மணி' கிடைக்கிறது என்றால், இருபத்து நாலு மணி நேரம் விழித்திருப்பவருக்கும் ஏறக்குறைய எட்டுதான் கிடைக்கும். அளவுகோலே பகலிலிருந்து வெட்டியதாயிற்றே.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் தராசு இருந்தால் மட்டும் குட்டு வெளிப்படும். அந்தத் தராசு உடம்பிலும் இருக்கிறது. ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் ஆஷாஃப் நடத்திய இதேபோன்ற ஆய்வுகளில், சிலருடைய தூக்க–விழிப்புச் சுற்று இரண்டு நாள் நீளத்துக்கு இழுபட்டது. அப்போதும் அவர்கள் 'ஒரு நாளைக்கு' மூன்று வேளைதான் சாப்பிட்டார்கள், வழக்கத்துக்கு மாறாக எதுவும் நடப்பதாக நினைக்கவும் இல்லை. உடல் வெப்பநிலை மட்டும் சுமார் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கி, கிலோக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. பத்து விநாடியை மதிப்பிடச் சொன்னபோது அந்த மதிப்பீடும் பகலோடு சேர்ந்து நீளவில்லை. முழம் நீண்டாலும் பூக்காரம்மா ஒவ்வொரு பூவுக்கும் முடிச்சுப் போடும் வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் இழுத்தால் நூல் அறுந்துவிடும்.

மதுரைக் குழு ஓர் எச்சரிக்கையும் சேர்த்திருந்தது. உடம்பும் மனமும் சரியாக இருந்தால்தான் இந்தப் பொருத்தம் நிலைக்கும். உடம்புக்கு முடியாமல் போனால் பகலும் முழமும் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். காய்ச்சல் வார்டில் பொழுது ஏன் அப்படி நகர்கிறது என்று இங்கே தோன்றலாம். ஆனால் அதை இந்த ஆய்வு நேரடியாக அளக்கவில்லை.

வரலாறு கொஞ்சம் சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1729இல் தெ மேரான் என்பவர் தொட்டாற்சுருங்கி மாதிரிச் செடியை இருட்டில் வைத்தும் இலை மூடித் திறப்பதைக் கண்டார். 1962இல் மிஷல் சீஃபர் என்ற இளைஞர் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குகையில் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, இன்னும் ஆகஸ்ட் 20தான் என்று சாதித்தார். பின்னால் வந்த ஆஷாஃபின் ஆய்வுகளிலிருந்து 'மனித உடம்பின் நாள் 25 மணி நேரம்' என்ற வாக்கியம் பாடப்புத்தகங்களில் ஏறிக்கொண்டது. அது கொஞ்சம் உப்பிய கணக்கு. உள்ளே இருந்தவர்கள் கையில் விளக்கு சுவிட்ச் இருந்தது. தூங்கும் முன் எரிந்த விளக்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது. 1999இல் சார்ல்ஸ் சைஸ்லர் என்ற ஆய்வாளர் அந்த ஓட்டையை அடைத்து அளந்தபோது 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. பழைய எண் இன்னும் சில நூல்களில் சௌக்கியமாக இருக்கிறது.

அந்த 11 நிமிடத்தை யார் தினமும் சரிசெய்கிறார்கள்? வெயில் என்பது வழக்கமான பதில். மதுரையின் வௌவால்கள் வேறொரு பதிலும் வைத்திருந்தன. சமணர் மலைப் பக்கத்துக் குகை ஒன்றில் இலைமூக்கு வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தன. குகையின் உள்ளே எப்போதும் கும்மிருட்டு, வெப்பநிலையும் அநேகமாக மாறாது. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் சுப்பராஜும் சேர்ந்து ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து அந்தக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். அதன் கண்ணுக்கு வெயில் எட்டாது. மற்ற வௌவால்கள் அந்தியில் வெளியே பறந்து, விடியுமுன் திரும்பின. கூண்டு வௌவாலும் பிசகாமல் 24 மணி நேரத் தாளத்தில் சிறகடித்தது. கூட்டமில்லாத குகைக்கு மாற்றியதும் அதன் நாள் சொந்தப் போக்கில் விலகத் தொடங்கியது. முதல் அறிக்கை 1978இல் வந்தது. 1983இல் இன்னொரு சோதனை. வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவால் ஒன்றை அதே இலைமூக்குக் கூட்டத்தின் நடுவே அடைத்தார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் சிறகுகள் படபடத்தும் அது கண்டுகொள்ளவில்லை, தன் போக்கிலேயே விலகியது. வௌவாலுக்குத் தன் இனத்தின் நடமாட்டம்தான் மணி.

வௌவாலிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவாகத் தாவக்கூடாது. நமக்கு வெளிச்சமே முதல் மணி, சுற்றம் அதற்குப் பிறகுதான். ஆனாலும் தனிமை அறையையும் வௌவால் குகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. தனியாக விடப்பட்ட உயிரிடம் ஒரு நாளை ஓட்டப் போதுமான கடிகாரம் இருக்கிறது. அதைச் சரியாக 24 மணி நேரத்தோடு பொருத்த வெளியே இருந்து ஒரு கை வேண்டும்.

மேலூர் வாசகருக்கான பதிலும் இங்கேதான். மனிதனுக்குள் வருடத்தை எண்ணும் மணிக்கூண்டு எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை. கடந்துபோன வருடத்தை நாம் நினைவை வைத்துத்தான் அளக்கிறோம். மாற்றங்கள் நிறையப் பதிந்த வருடம் நீளமாகத் தெரியும், ஒரே மாதிரி நாட்களால் ஆன வருடம் மடிந்து ஒட்டிக்கொள்ளும். சீஃபரின் குகையில் 25 நாள் காணாமல் போனதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். உடனே 'புதிய அனுபவங்கள் தேடுங்கள், ஆயுள் நீளும்' என்று டூர் கம்பெனிகள் கிளம்பிவிடும். நீள்வது நினைவு. நாட்காட்டியில் ஒரு தாள்கூட அதிகமாகாது.

ஆயுளுக்கும் உடம்பில் கடிகாரம் இல்லை. மீதி எவ்வளவு என்ற உணர்வு வெளியிலிருந்துதான் வருகிறது, மருத்துவ அறிக்கையாகவோ பணி ஓய்வு ஆணையாகவோ ஒரு சாவுச் செய்தியாகவோ. அந்த உணர்வு மனிதனை என்ன செய்கிறது என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் ஒரு எளிய கேள்வியால் அளந்தார். அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாரோடு செலவிடுவீர்கள்? நெருங்கிய உறவினரோடா, நீங்கள் படித்த புத்தகத்தை எழுதியவரோடா, புதிதாக அறிமுகமானவரோடா? முதியவர்கள் பெரும்பாலும் உறவினரைச் சொன்னார்கள், இளைஞர்கள் பலவாறாகச் சிதறினார்கள். 'நீங்கள் சீக்கிரமே தனியாகத் தொலைதூரம் குடிபெயரப் போகிறீர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் இளைஞர்களும் முதியவர்களைப் போலவே தேர்ந்தெடுத்தார்கள். 'புதிய மருந்தால் உங்களுக்கு இன்னும் இருபது ஆண்டு கூடும்' என்றால் முதியவர்களின் அந்தச் சாய்வு மறைந்துபோனது. வயது காரணமென்று நாம் நினைத்த மாற்றத்தில் பெரும்பங்கு மீதிக் காலத்தின் வேலை.

வாழ்க்கையில் நோக்கம் உள்ளவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்றும் ஆய்வுகள் உண்டு. வாழ்வின் நோக்கத்தை 'இக்கிகய்' என்ற ஜப்பானியச் சொல்லால் பேசும் புத்தகங்கள் அதை அட்டையில் போட்டு விற்கின்றன. உடம்பு நன்றாக இருப்பவருக்குத்தான் நோக்கமும் கூடுதலாக இருக்கும், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கடினம் என்ற வரி அட்டையில் இருக்காது.

நோக்கத்தால் ஆயுளை நீட்டப் பார்க்காமல், இருக்கும் நேரத்தை நோக்கத்துக்காகத் திருப்பிய ஓர் ஆள் மதுரையில் இருந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் பிறந்தவர். முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போக, மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். 1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அதே ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நேரம் குறைவு என்று தெரிந்தவரின் ஏற்பாடு ஒன்று இன்றும் அங்கே அறுவை அரங்கில் இருக்கிறது. ஒரு மருத்துவருக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவரைச் செவிலியர்கள் தயார்படுத்திவிடுவார்கள். முடித்ததும் மருத்துவர் நுண்ணோக்கியோடு அந்தப் பக்கம் திரும்பினால் போதும். கத்தியின் வேகத்தைக் கூட்டாமல், இரண்டு நோயாளிகளுக்கு நடுவிலிருந்த வெற்று நிமிடங்களை எடுத்துவிட்டார்.

அவர் 2006இல், 87 வயதில் இறந்தார். நோக்கம்தான் அவர் ஆயுளை நீட்டியது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஒரே ஒருவரை வைத்து எதையும் நிறுவ முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வெங்கடசாமி கிடையாது. அந்த விவாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும், கண்புரை நீங்கித் தன் வீட்டுப் படியைத் தானே பார்த்து இறங்கியவர்களின் கணக்கில் ஒன்றும் குறையப்போவதில்லை.