நோயாளியின் தட்டுக்குப் பழ அலங்காரம்

நோயுற்றோர் பலருக்கு உணவைக் கண்டாலே வெறுப்புத் தோன்றுவதுண்டு. கீமோதெரபி பெறுவோர்க்கு நாவின் சுவை மாறிவிடுகிறது. நீண்ட காய்ச்சலுக்குப் பின் பசி எளிதில் திரும்புவதில்லை. தட்டு நிறையப் பரிமாறினால் இத்தகையோர் மேலும் மலைத்துப் போவர். சிறிய தட்டில் சிறிதளவு தயிர்ச்சோறும் அதன் ஓரத்தில் சிவந்த மாதுளை முத்துகள் சிலவும் இருப்பின், கண் முதலில் இசையும்; கை பின்னர் செல்லும்.

இதற்குக் கூரிய சிறு கத்தியும் ஒரு தேக்கரண்டியும் போதும். கால் பங்கு ஆப்பிளைத் தோல் மேற்புறம் இருக்குமாறு வைத்து, நடுவில் இருபுறமிருந்தும் கத்தியைச் சாய்த்து அரிந்தால் ஆப்பு வடிவத் துண்டு ஒன்று பிரியும். அவ்விடத்தைச் சுற்றி அதேபோல் இன்னும் இரு முறை அரிந்து, துண்டுகளை மீண்டும் பொருத்தி, ஒவ்வொன்றையும் சற்றே முன்னே நகர்த்தினால் இலை வடிவம் கிடைக்கும். முதன்முறை துண்டு உடைவது இயல்பே. உடைந்ததைச் சமைப்பவர் உண்டுவிடலாம். அரிந்த ஆப்பிள் காற்றுப் பட்டுப் பழுப்பேறாதிருக்க, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் சில நிமிடம் இட்டு எடுக்க வேண்டும்.

பானத்துக்கு எலுமிச்சை வில்லையை மையம் வரை கீறித் தம்ளர் விளிம்பில் செருகலாம். வாய்ப்புண் உள்ளவர்க்குப் புளிப்பு எரிச்சல் தரும். அவர்களுக்குக் கனிந்த பப்பாளியைத் தேக்கரண்டியால் சிறு உருண்டைகளாகக் குடைந்து வைப்பது நன்று. தக்காளித் தோலை ரோஜாவாகச் சுற்றுவது அழகே. ஆயினும் அதை எவரும் உண்பதில்லை என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பழ அலங்காரத்தில் நாங்கள் மிகவும் அஞ்சுவது நட்சத்திரப் பழத்தையே. தமரத்தை என்றும் வழங்கும் இப்பழத்தைக் குறுக்கே அரிந்தால் ஐந்து முனை நட்சத்திரம் தானே அமைந்துவிடும்; ஆதலால் அலங்காரத்துக்குப் பலரும் இதைத் தேடுகின்றனர். சிறுநீரகச் செயல்குறைவு உள்ளவர்க்கு இது நஞ்சாகும். இதிலுள்ள காரம்பாக்சின் என்னும் பொருளை உடல் சிறுநீரின் வழியே வெளியேற்ற வேண்டும். இயலாதபோது அது மூளையைத் தாக்குகிறது. நிற்காத விக்கல், வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியன அறிகுறிகள், உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. சிறுநீரக நோயாளி ஒரு வில்லையேனும் தெரியாமல் உண்டிருந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருக. உரிய நேரத்தில் டயாலிசிஸ் செய்தால் நஞ்சை நீக்க இயலும்.

சிறுநீரக நோயாளிகள் ஆரஞ்சு, வாழை போன்ற பொட்டாசியம் மிகுந்த பழங்களையும் உணவியல் வல்லுநர் குறித்த அளவிலேயே கொள்ள வேண்டும். உறுப்பு மாற்று மருந்துகளும் சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளும் உட்கொள்வோர் பம்பளிமாஸைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்க்கு அலங்காரப் பழமும் அன்றைய பழக் கணக்கில் சேரும்.

வெள்ளணுக்கள் குறைந்திருப்போர்க்குப் பச்சைப் பழம் தரலாமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டறிக. யாவருக்கும் பழத்தை அரியும் முன்பே கழுவி, பரிமாறும் வேளையில் மட்டும் அரிக. முதியோர் தட்டில் பல்குச்சி செருகுதல் வேண்டா. திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து வைக்க வேண்டும். விழுங்குவதில் இடர்ப்படுவோரின் பானத்தில் பழத்துண்டு எதையும் மிதக்கவிடலாகாது.