பெட்டியில் கசகசா இருக்கா? வெளிநாடு கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

எங்கள் தெருவில் ஒரு அம்மா. மகன் துபாயில் வேலை பார்க்கிறார். அவரைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறப் போகிறார். பெட்டியில் முறுக்கு, சாம்பார் பொடி, ஊறுகாய், கூடவே கால் கிலோ கசகசா. "குருமாவுக்கு அது இல்லாம எப்படிப்பா?" நல்லவேளையாக, முதல் நாள் இரவு மகன் வீடியோ காலில் பெட்டியைப் பார்த்துவிட்டார். "அம்மா, அதை மட்டும் வெளியே எடுத்துடுங்க" என்றார்.

நம்ம மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கசகசா, அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இதைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அங்கே இது சமையல் பொருள் அல்ல, போதைப்பொருள் தொடர்பான விஷயம். "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லி விமான நிலையத்தில் தப்பிக்க முடியாது. எனவே கிளம்பும் முன் கீழே உள்ளவற்றை ஒருமுறை பாருங்கள்.

பெட்டியை மூடும் முன்

• சூயிங் கம், மெல்லும் புகையிலை, இ-சிகரெட் மூன்றையும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகக் கூடாது. தாய்லாந்திலும் இ-சிகரெட்டுக்குத் தடை உண்டு.

• "ஒரு சின்ன பார்சல்தான், அங்கே வந்து வாங்கிப்பாங்க" என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருந்தாலும் பொறுப்பு பெட்டிக்கு உரியவருடையது. சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்கப்படுகிறது.

• பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பல நாடுகள் இதை வற்புறுத்துகின்றன.

மாத்திரை எடுத்துப் போகிறீர்களா?

இங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தே அங்கே கட்டுப்பாட்டில் இருக்கலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இத்தகைய மருந்துகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அந்த நாட்டு சுகாதாரத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். அட்டையோடு, மருந்துச் சீட்டோடு வைத்திருங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. இன்சுலினையும் தினசரி மாத்திரைகளையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால்கூட மருந்து தவறாது.

வருகை அட்டைக்குக் காசு கிடையாது

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்று நாடுகளுக்கும் போகும் முன் கைப்பேசியிலேயே மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. போய்ச் சேரும் தேதிக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பலாம். மூன்றுமே இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் இணையதளம் பணம் கேட்டால், அது அந்த நாட்டு அரசின் தளம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். இது விசா அல்ல. விசா தேவை என்றால் அதைத் தனியாக வாங்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கணும்

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்கள் குறைந்தது 10 நாட்களுக்கு முன் தடுப்பூசி போட வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் உள்ளிட்ட அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே இதைப் போடுகிறார்கள். சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் டெங்கு உண்டு. கொசு விரட்டியை மறக்காதீர்கள். நாய், குரங்கு கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டு மருத்துவமனைச் செலவு நம் கணக்கைத் தாண்டும். பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

அவங்க ஊர், அவங்க வழக்கம்

நம்ம ஊர் கோயில் சன்னதி முன் ஒருவர் செருப்போடு நின்று செல்ஃபி எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே அளவுகோலை அங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

• இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அவமதிப்பாகக் கருதப்படும்.

• தாய்லாந்தில் பிறர் தலையைத் தொடுவதும், புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டுவதும் மரியாதைக் குறைவு. மன்னர் குடும்பத்தை இழிவாகப் பேசினால் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை.

• அமீரகத்தில் அனுமதி இல்லாமல் அடுத்தவரைப் படம் எடுப்பது குற்றம். வாட்ஸ்அப்பில் திட்டினாலும் வழக்கு வரலாம்.

சுற்றுலா விசாவில் வேலையா?

"தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்களே போடுறோம்" என்று வரும் செய்தியை நம்பிப் போன நம் இளைஞர்கள் சிலர், எல்லை தாண்டி மியான்மரில் உள்ள இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியிருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

சிக்கல் வந்தால்

இந்த எண்களைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

• சிங்கப்பூர்: காவல் 999, ஆம்புலன்ஸ் 995
• மலேசியா: 999
• தாய்லாந்து: சுற்றுலா காவல் 1155, ஆம்புலன்ஸ் 1669
• அமீரகம்: காவல் 999, ஆம்புலன்ஸ் 998
• இலங்கை: காவல் 119, ஆம்புலன்ஸ் 1990

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அதன் நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனால், ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கிடைக்கும். பாஸ்போர்ட், விசா நகல்களை மின்னஞ்சலில் ஒன்று, காகிதத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என வைத்திருந்தால் வேலை சுலபம். தூதரக உதவி தாமதமானால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் முறையிடலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையும் உதவும். அதன் தொடர்பு எண்ணையும் தூதரக எண்ணையும் துறையின் தளங்களில் பார்த்து, கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களிடமும் அவை இருக்கட்டும்.

அந்த அம்மா பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் பேசும்போது சொன்னார்: "முந்திரி அரைச்சு ஊத்தினேன்பா. குருமா நல்லாத்தான் வந்துச்சு."