நேபாளக் கம்பியில்லா வலைப்பின்னல் திட்டம்

நேபாளத்தின் மேற்கு மலைப்பகுதியில், மியாக்தி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள சிற்றூர் நாங்கி. தொலைபேசிக் கம்பி எட்டாத இவ்வூருக்கு, 2000-களின் தொடக்கத்தில், வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபை கருவிகளைக் கொண்டே இணைய வசதி கொண்டுவரப்பட்டது. ஊர் மக்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து தொடங்கிய இம்முயற்சியே பின்னர் நேபாளக் கம்பியில்லா வலைப்பின்னல் திட்டம் எனப் பெயர் பெற்றது.

தொடக்கம்

இதை முன்னின்று நடத்தியவர் நாங்கியில் பிறந்த மகாபீர் புன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் படித்துவிட்டு 1990-களில் ஊர் திரும்பிய அவர், அங்கிருந்த இமாஞ்சல் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1997-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய கணினிகள் நான்கு நன்கொடையாக வந்தன. ஊரில் மின்சாரம் இல்லை. அருகிலிருந்த ஓடையில் சிறிய நீர்மின் கருவிகளை அமைத்து அவற்றை இயக்கினர். பிறகு, பழைய உதிரி பாகங்களை மரப்பெட்டிகளுக்குள் பொருத்தி மேலும் சில கணினிகளைச் செய்துகொண்டனர்.

கணினி வந்துவிட்டது, இணையம் வரவில்லை. மின்னஞ்சல் பார்க்க வேண்டுமானால் பல மணி நேரம் மலையிறங்கி, பேருந்து பிடித்துப் பொக்காரா நகரத்துக்குப் போக வேண்டும். 2001-இல் புன் பி.பி.சி.க்கு எழுதி யோசனை கேட்டார். செய்தி பரவி, வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் உதவ முன்வந்தனர். 2002-இல், மரங்களில் கட்டிய தொலைக்காட்சி டிஷ் ஆன்டெனாக்களின் துணையோடு நாங்கியும் பக்கத்து ஊரான ராம்சேயும் முதலில் இணைக்கப்பட்டன. பின்னர் அந்த இணைப்பு பொக்காரா வரை நீண்டது.

செயல்படும் முறை

வைஃபை சில பத்து மீட்டர் தொலைவுக்கானது என்றே பலர் எண்ணுவர். வீட்டு ரவுட்டர் தன் அலைகளை எல்லாத் திசைகளிலும் சிதறவிடுவதே அதற்குக் காரணம். அதே அலையை டிஷ் ஒன்றினால் ஒரே திசையில் குவித்தால், இடையில் தடை இல்லாதவரை பல கிலோமீட்டர் செல்லும். ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரிய வேண்டும் என்பதே நிபந்தனை. சமவெளியில் இதற்கு உயர்ந்த கோபுரம் வேண்டும்; நேபாளத்திலோ மலையே கோபுரம். 3,000 மீட்டருக்கும் உயரமான மொஹரே டாண்டா என்ற மலைமுகட்டில் இடைநிலை நிலையம் அமைக்கப்பட்டது அதனால்தான். அங்கிருந்து பொக்காரா 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

தொலைவு கூடும்போது எளிதில் கண்ணுக்குப் படாத இன்னொரு சிக்கலும் உண்டு. வைஃபை கருவி ஒரு தரவுப்பொட்டலத்தை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். வானலை 30 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 200 மைக்ரோநொடி ஆகும். குறுந்தொலைவுக்காக அமைக்கப்பட்ட கருவி அவ்வளவு நேரம் பொறுக்காது. பொட்டலம் தொலைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பும். எனவே காத்திருக்கும் நேரத்தை மென்பொருளில் கூட்டியாக வேண்டும். ஆன்டெனாவை ஏற்றுவதைவிட இத்தகைய சிறு திருத்தங்களுக்கே பொறுமை அதிகம் தேவை.

தடைகள்

அக்காலம் நேபாளத்தில் உள்நாட்டுப் போர் (1996–2006) நடந்த காலம். வானொலிக் கருவிகளை உரிமமின்றிக் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் குற்றம். தன்னார்வலர்கள் தங்கள் பயணப்பைகளில்தான் கருவிகளைக் கொண்டுவந்தனர். அரசுப் படைகள், மாவோயிஸ்டுகள் ஆகிய இரு தரப்பின் சந்தேகத்துக்கும் ஆளாகக்கூடிய வேலை இது. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்தபோது நாடு முழுவதும் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன என்பதை நினைத்தால், அந்த ஆபத்தின் அளவு புரியும். 2006-இல் மன்னரின் நேரடி ஆட்சி முடிந்த பிறகே நிலைமை இளகியது.

பயன்கள்

ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பொக்காராவிலும் காத்மாண்டுவிலும் உள்ள மருத்துவர்களிடம் திரையில் ஆலோசனை பெற்றனர். ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு வேறு ஊர் ஆசிரியர் பாடம் நடத்தினார். எருமை விற்பனை அறிவிப்பும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோடு பேச்சும் இதே இணைப்பில்தான் நடந்தன.

கருவிகளை வாங்குவதைவிட அவற்றைப் பராமரிப்பதே கடினம். மின்னல் தாக்கும், மின்கலம் தேயும், பனியில் சூரிய மின்தகடு மூடிப்போகும். நன்கொடையில் தொடங்கும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. நாங்கி மக்களிடம் கைக்காகிதம், ஜாம் தயாரிப்பு, மலையேறுவோருக்கான தங்குவிடுதி போன்ற ஊர்ப்பொதுத் தொழில்கள் இருந்தன. அவற்றின் வருவாய் பள்ளிக்கும் பொதுப்பணிகளுக்கும் போனது. உள்ளூர் இளைஞர்களுக்கே பழுதுபார்க்கப் பயிற்சியும் தரப்பட்டது.

மகாபீர் புன் 2007-இல் ரமோன் மகசேசே விருது பெற்றார். 2014-இல் அவர் பெயர் 'இணையப் புகழ் மன்றத்தில்' சேர்க்கப்பட்டது.

ஒத்த முயற்சிகள்

ஏறத்தாழ இதே காலத்தில் தமிழ்நாட்டின் தேனிப் பகுதியிலும் நெடுந்தொலைவு வைஃபை பயன்பட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அரவிந்த் கண் மருத்துவமனையும் இணைந்து, கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களைத் தேனியிலுள்ள மருத்துவமனையோடு இணைத்தனர். நோயாளி தன் ஊருக்கு அருகிலுள்ள மையத்தில் அமர்ந்தபடியே மருத்துவரிடம் காணொளியில் பேச முடிந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மட்டும் தேனிக்குப் பயணம் செய்தால் போதும் என்றானது.