ஆங்கிலமொழிக் கற்பித்தலில் வெகுசன ஊடகங்கள்

நாளிதழ், வார இதழ், வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம், விளம்பரம் ஆகியவற்றில் பொதுமக்களுக்காக வெளிவரும் ஆங்கிலத்தைப் பாடநூலுக்குத் துணையாக வகுப்பறையில் பயன்படுத்துவது ஒரு கற்பித்தல் முறையாகும். பாடநூலின் மொழி மாணவருக்கென்றே அளந்து எழுதப்பட்டது. ஊடக மொழி அப்படியன்று. ஆங்கிலம் கற்றுத்தருவது அதன் நோக்கமே இல்லை. இம்முறையின் பலமும் இதுதான், சிக்கலும் இதுதான்.

தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படிக்கும் மாணவர் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார். இருந்தும், வங்கிப் படிவத்தின் நான்கு வரிகளையோ ஒரு வேலைவாய்ப்பு விளம்பரத்தையோ தனியே படித்துப் பொருள்கொள்ளத் தயங்குவோர் பலர். வினா விடைகளை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றுவிடலாம் என்பதால், முன்பின் பார்த்திராத ஆங்கிலத்தைப் படிக்கும் பயிற்சியே பலருக்கு வாய்ப்பதில்லை. நாளை வரப்போகும் செய்தித்தாளுக்கு யாரும் இன்றே நோட்ஸ் போட முடியாது.

தோற்றம்

ஊடகம் வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. பிபிசி நிறுவனம் 1943-இல் வானொலி வழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1500 அடிப்படைச் சொற்கள், சிறிய வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகம் என்பவை அதன் இலக்கணம். இவை கற்பவருக்காக ஊடகத்தை எளிமையாக்கிய முயற்சிகள். பிறருக்காக எழுதப்பட்டதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவருவது வேறொரு வழி. 1970-களில் தகவல்தொடர்பு நோக்கிலான மொழிக் கற்பித்தல் பரவியபோது இந்த வழி வலுப்பெற்றது.

அசல் செய்தியைக் கொடுத்துவிட்டாலே அசல் வாசிப்பு நடந்துவிடும் என்பதில்லை. மொழியியலாளர் விடோசன் 1978-இல் வெளிவந்த தமது நூலில் இவ்வேறுபாட்டைச் சுட்டினார். ஒரு பனுவல் உண்மையானதாக இருப்பது அதன் தன்மை. படிப்பவர் அதை உண்மையான தேவையோடு அணுகுவது வேறு. செய்தித்தாளை விரித்து, கடினச் சொற்களுக்குக் கோடிடச் சொல்லி, அகராதிப் பொருள் எழுதச் சொன்னால் அது இன்னொரு பாடநூலாக மாறிவிடும்.

செய்தியைத் தேர்ந்தெடுத்தல்

எளிய ஆங்கிலத்தில் உள்ள செய்தியைத் தேடுவது ஆசிரியர் பலரின் வழக்கம். அதைவிட, மாணவர் ஏற்கெனவே தமிழில் அறிந்த செய்தியைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும். முந்தைய நாள் உள்ளூரில் நடந்த தேர்த் திருவிழா, பேருந்துக் கட்டண மாற்றம், பொதுத்தேர்வு முடிவு போன்றவற்றின் சாரம் மாணவருக்குத் தெரியும். தெரிந்த செய்தியில் தெரியாத சொல் வந்தால், இடம் பார்த்து ஊகிக்கலாம். அயல்நாட்டுத் தேர்தல் செய்தி எவ்வளவு எளிய ஆங்கிலத்தில் இருந்தாலும், பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

ஒரே நாளின் தமிழ் நாளிதழையும் ஆங்கில நாளிதழையும் அருகருகே வைத்து ஒரே செய்தியைப் படிப்பது மிகச் சிறந்த பயிற்சி. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். அதுவரை காத்திருந்து பொருள்கொள்வது நமக்குப் பழகிப்போனது. ஆங்கிலச் செய்தியில் யார், என்ன செய்தார் என்பது முதலிலேயே வந்து, இடமும் நாளும் காரணமும் பின்னால் தொடரும். இரண்டு இதழ்களிலும் வினைச்சொல்லை வட்டமிடச் சொன்னால் இந்த வேறுபாடு மாணவரின் கண்ணுக்கே தெரியும்.

கடினத்தைக் குறைக்க வேண்டிய இடம் பனுவலன்று, அதைக் கொண்டு செய்யச் சொல்லும் வேலை. ஒரே விபத்துச் செய்தியில் ஆறாம் வகுப்பு மாணவர் ஊர்ப் பெயர்களையும் எண்களையும் எடுத்து எழுதலாம். ஒன்பதாம் வகுப்பில் நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் அடுக்கச் சொல்லலாம். மேல்நிலை வகுப்பில் அதே செய்தியை வைத்து, வேகத்தடை கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லலாம்.

தலைப்புகளின் இலக்கணம்

செய்தித் தலைப்புகள் குறுகியவை என்பதால் எளியவை என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றுக்குத் தனி இலக்கணம் உண்டு. 'ஹெவி ரெயின் லாஷஸ் கடலூர்' என்பது நிகழ்கால வினை. மழை பெய்ததோ நேற்று. 'சி.எம். டு விசிட் மதுரை' என்பதில் 'டு' வருவதால் அது எதிர்காலம். 'டூ ஹெல்ட் ஃபார் செயின் ஸ்நாட்சிங்' என்ற தலைப்பை மாணவர் பெரும்பாலும் 'இரண்டு பேர் பிடித்தார்கள்' என்றே படிப்பர். பிடிபட்டவர்கள்தான் அந்த இருவர். 'வேர்' என்ற துணைவினை விடுபட்டதால் செயப்பாட்டு வினை செய்வினை போலத் தோன்றுகிறது. 'ஏ', 'தி' ஆகியவையும் தலைப்பில் பெரும்பாலும் வருவதில்லை.

தலைப்புக்கென்றே வாழும் சிறு சொற்களும் உண்டு. விசாரணைக்கு 'ப்ரோப்', உயர்வுக்கு 'ஹைக்', கைது செய்வதற்கு 'நாப்'. சச்சரவைக் குறிக்கும்போது 'ரௌ' என்று ஒலிக்கும் சொல், வரிசையைக் குறிக்கும் 'ரோ' என்ற சொல்லின் அதே எழுத்துகளைக் கொண்டது. பாடநூலில் வரிசையை மட்டும் படித்த மாணவருக்கு அரசியல் செய்தி குழப்பமாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதி, விடுபட்ட சொற்களைச் சேர்த்து முழு வாக்கியமாக்கச் சொல்ல வேண்டும். பிறகு செய்தியின் முதல் வாக்கியத்தைக் காட்ட வேண்டும். தலைப்பில் சுருங்கியது பெரும்பாலும் அங்கே முழு இலக்கணத்துடன் விரிந்திருக்கும். சரியா தவறா என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. மாணவரே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார். செயப்பாட்டு வினையைப் பத்து முறை விதியாகச் சொல்வதைவிட இது மேல்.

வானிலை அறிவிப்பு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைக்காது. இக்கட்டுரையாளரின் வகுப்பில் மற்ற நாட்களில் வாய் திறக்காத மாணவர்கள்கூட விடுமுறை உண்டா என்று பார்க்க ஆங்கில அறிவிப்பை முட்டிமோதிப் படித்ததுண்டு.

'வெரி', 'எக்ஸ்ட்ரீம்லி' போன்ற சொற்களுக்கு வழக்கமான பேச்சில் அளவு கிடையாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பில் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் அது 'ஹெவி' மழை. 115.6 முதல் 204.4 வரை 'வெரி ஹெவி'. அதற்கு மேல் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. தமிழில் இவை கனமழை, மிக கனமழை, அதி கனமழை என வழங்குகின்றன. 'ஐசோலேட்டட்', 'எ ஃபியூ', 'மெனி', 'மோஸ்ட்' ஆகிய சொற்களும் அப்படியே: ஒரு வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை, 50 வரை, 75 வரை, அதற்கு மேல் என்று அவற்றுக்கு வரையறை உண்டு. 'எ ஃபியூ', 'மெனி' இவற்றின் வேறுபாட்டை இவ்வளவு துல்லியமாக எந்த இலக்கண நூலும் காட்டுவதில்லை.

கடலோரப் பள்ளிகளில் மீனவருக்கான எச்சரிக்கை வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர் இன்டு தி சீ' என்ற வாக்கியம் ஏறக்குறைய மாறாமல் திரும்பத் திரும்ப வருவது. அதற்குள் செயப்பாட்டு வினையும், எதிர்மறை 'டு' வடிவமும், 'வென்ச்சர்' என்ற அருமையான சொல்லும் இருக்கின்றன. தந்தை கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் இலக்கண உதாரணம் அன்று.

கேட்டலும் பார்த்தலும்

கிரிக்கெட் நேர்முக வர்ணனை சாதாரண நிகழ்காலத்துக்குப் பொருத்தமான இடம். பந்து வீசப்படும்போதே பேச வேண்டியிருப்பதால் சிறு வினைகளாக வந்து விழும். இரண்டு நிமிடப் பகுதி போதும். முதலில் ஒலியை நிறுத்திக் காட்சியை மட்டும் காட்டி, மாணவரையே வர்ணிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு ஒலியைத் திறக்கலாம்.

திரைப்படத்தில் தமிழ் வசன வரிகளைவிட ஆங்கில ஒலிக்கு ஆங்கில வசன வரிகளே கற்பவருக்கு உதவும். தமிழ் வரி இருந்தால் கண் அதைப் படிக்கும். காது வேலை செய்யாது. ஒலிக்கும் மொழியிலேயே வரிகளைக் காட்டும் முறையை வாசிப்புப் பயிற்சிக்காக 1996-இல் முன்வைத்தவர் பிரிஜ் கோத்தாரி. பின்னர் இது தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சிகளிலும் பயன்பட்டது.

கவனிக்க வேண்டியவை

செய்தித்தாள் ஆங்கிலம் படிக்கக் கற்பதற்குரியது. கட்டுரை எழுதுவதற்கு அப்படியே முன்மாதிரி ஆகாது. தலைப்புகளில் மூழ்கிய மாணவர் தம் வாக்கியங்களிலும் 'இஸ்', 'தி' ஆகியவற்றை விட்டுவிடுவதைக் காணலாம். 'ஹிஸ்டரி ஷீட்டர்', 'லத்தி சார்ஜ்' போன்றவை இந்திய நாளிதழ்களின் சொற்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை தவறல்ல. ஆனால் வெளிநாட்டவருக்கு எழுதும் கடிதத்தில் விளக்கமின்றி வந்தால் புரியாது.

விளம்பரத்தில் 'அப் டு 50%' என்றால் அதிக அளவு அவ்வளவு என்றே பொருள். எல்லாப் பொருளுக்கும் பாதி விலை என்று ஆகாது. அடியில் பொடி எழுத்தில் உள்ள 'கண்டிஷன்ஸ் அப்ளை' என்பதையும் சேர்த்தே படிக்கப் பழக்க வேண்டும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் விளம்பரங்களை மேல்நிலை வகுப்பில் வரி வரியாகப் படிப்பது நல்லது. குற்றச் செய்திகளில் உள்ளூர்க் குடும்பம் எதுவும் இருந்தால், அந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும் என்பதை நினைத்து ஒதுக்கிவிட வேண்டும்.

கற்பிக்கும் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தொகுத்து அச்சிட்டு விற்பது அதில் அடங்காது. செலவு என்று பெரிதாக எதுவுமில்லை. நூலகத்திலிருந்து கழிக்கப்படும் பழைய இதழ்களே போதும். வெட்டியெடுத்த செய்தியின் ஓரத்தில் இதழின் பெயரையும் தேதியையும் அன்றே எழுதிவிட வேண்டும். தேதி இல்லாத துணுக்கில் 'எஸ்டர்டே' என்ற சொல் எந்த நாளைக் குறிக்கிறது என்று மாணவர் கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்காது.