நிதி நிறுவனங்கள் வழக்கறிஞர்களைத் தேடுவது ஏன்? சந்தேகங்களும் விளக்கங்களும்

வங்கியில் வழக்கறிஞருக்கு வேலை என்றால், கடன் பாக்கிக்கு வழக்குப் போடுவதுதானே?

அது வசூல் பிரிவு. ஒழுங்குமுறைச் சட்டப் பிரிவின் வேலை, வழக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். உதாரணமாக, செயலி வழியாகத் தரும் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும், அவருடைய செல்போனில் உள்ள தொடர்பு எண்களைச் செயலி எடுக்கக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்தது. நிறுவனத்தின் ஒப்பந்தமும் செயலியும் இதற்கு உட்பட்டு இருக்கின்றனவா என்று பார்ப்பது இவர்கள் பொறுப்பு.

திடீரென்று இவர்களுக்கு ஏன் இத்தனை தேவை?

அபராதம் கட்டிவிட்டால் போதும் என்ற நிலை இப்போது இல்லை, வியாபாரமே நின்றுபோகிறது. 2024 ஜனவரியில் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிதாக டெபாசிட் பெறத் தடை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், இணையவழியில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று கோட்டக் மகிந்திரா வங்கிக்கு உத்தரவு வந்தது. இது ஒரு காரணம்.

ரிசர்வ் வங்கியின் 2020 சுற்றறிக்கை மற்றொரு காரணம். விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் தலைமை கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்குக் குறைந்தது 3 ஆண்டு பதவிக்காலம் தர வேண்டும், வியாபாரப் பொறுப்பை அவர் தலையில் கட்டக் கூடாது என்கிறது அது. 2022-ல் பெரிய வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் இப்படிப்பட்ட அதிகாரி கட்டாயமானார். இத்தகைய நிறுவனங்கள் பலவற்றின் தலைமையகம் சென்னையில் இருப்பதால், தமிழகப் பட்டதாரிகளுக்கு இது நல்ல வாய்ப்பு.

ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி போன்ற அமைப்புகளிலேயே சேர முடியுமா?

முடியும். ரிசர்வ் வங்கியின் 'கிரேடு பி' சட்ட அதிகாரி பணிக்குச் சட்டப் படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் 2 ஆண்டு அனுபவமும் கேட்கிறார்கள். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 32. செபியின் 'கிரேடு ஏ' பணிக்குச் சட்டப் பட்டம் போதும். வயது வரம்பு 30. ஒவ்வொரு முறையும் அறிவிக்கையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வேலையில் இருந்துகொண்டே நீதிமன்றத்தில் வாதாடலாமா?

கூடாது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய இந்திய பார் கவுன்சில் விதி 49 தடை விதிக்கிறது. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத 3 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிபதியாகும் எண்ணம் உள்ளவர்கள் இந்த வேலையில் சேரும் முன் யோசிக்க வேண்டும்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டுமா? பி.காம். தேவையா?

மேற்சொன்ன அமைப்புகள் இரண்டையும் கேட்பதில்லை. பெரிய சட்ட நிறுவனங்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களை நாடிப் போவது உண்மைதான். ஆனால், நேர்காணலில் கைகொடுக்கக்கூடிய பயிற்சிக்குச் செலவே இல்லை. செபியின் உத்தரவுகளும் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளும் அவற்றின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஓர் உத்தரவை எடுத்து, எந்த விதி, எங்கே மீறப்பட்டது, நிறுவனம் முன்கூட்டியே என்ன செய்திருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு தினமும் எழுதப்போவதும் இதைத்தான்.