ஒலியை அளந்த ஆசிரியர்

ஆசிரியர் எத்துணைச் சிறப்பாக விளக்கினும், அவர் கூறும் சொற்கள் மாணவர் செவியில் தெளிவாக விழாவிடின் பயன் இல்லை. அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக் கழகத்திற்கு 1895ஆம் ஆண்டில் இத்தகைய இடர் நேர்ந்தது. அங்குப் புதிதாக எழுப்பப்பெற்ற ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் கண்ணுக்கு இனிதாயிருந்தது, காதுக்கோ இனிதாயில்லை. பேசிய ஒரு சொல் சுவரிலும் கூரையிலும் பட்டு மீண்டு, ஏறத்தாழ 5½ வினாடி ஒலித்தது. அஃது அடங்குமுன் ஆசிரியர் மேலும் பல சொற்களைப் பேசிவிடுவார். சொல்லோடு சொல் கலந்து, பாடம் வெற்று முழக்கமாயிற்று.

இக்குறையைக் களையுமாறு பல்கலைக் கழகத் தலைவர் எலியட், வாலஸ் சேபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரைப் பணித்தார். மண்டபம் நன்கு ஒலிப்பதும் ஒலியாததும் நல்வாய்ப்பைப் பொறுத்தவை என்றே அந்நாளில் பலரும் எண்ணினர். சேபைன் அவ்வாறு எண்ணவில்லை.

பகலில் அவர் மாணவர்க்குக் கற்பித்தார். தெருவின் ஓசை ஓய்ந்த நள்ளிரவில் ஆய்வு செய்தார். ஓர் ஆர்கன் குழல், காலத்தை நுட்பமாகக் குறிக்கும் கருவி, தம் செவி ஆகியவையே அவருடைய துணைகள். குழலை ஒலிக்கச் செய்து நிறுத்துவார். எஞ்சிய ஒலி செவிக்கு எட்டாது மறையும் வரை கழியும் காலத்தை அளப்பார். அண்மையிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்புவார். விடியுமுன் திருப்பி வைப்பார். மெத்தைகள் மிகுந்தோறும் முழக்கம் குறைந்தது. மெத்தையின் நுண்துளைகளுட் புகுந்த ஒலி உராய்வினால் வெப்பமாக மாறி அழிவதே இதற்குக் காரணம். வெற்று வீட்டில் முழங்கும் குரல், பாயும் துணியும் தட்டுமுட்டுப் பொருள்களும் நிறைந்தபின் அடங்குவதும் இதனாலேயே ஆகும்.

ஒரு கட்டத்தில், தாம் அணிந்த உடையும் ஒலியை உறிஞ்சுவதைச் சேபைன் கண்டார். நாள்தோறும் உடை மாறியமையால் அளவைகளிலும் பிழை நேர்ந்திருந்தது. அவர் மனம் தளரவில்லை. 3,000க்கு மேற்பட்ட அளவைகளைத் தள்ளிவிட்டு, ஒரே வகை உடை அணிந்து ஆய்வை மீண்டும் தொடங்கினார்.

1898ஆம் ஆண்டில் உண்மை புலனாயிற்று. மண்டபத்தின் கனஅளவு மிகுந்தால் முழக்கம் நீடிக்கும். ஒலியை உறிஞ்சும் பொருள் மிகுந்தால் அது குறுகும். இவ்விரண்டையும் அறிந்தால், முழக்கம் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதை மண்டபத்தைக் கட்டுமுன்னரே கணக்கிடலாம். திறந்த சாளரத்தின் வழியே வெளியேறிய ஒலி மீளாது. ஆதலின் அதனையே உறிஞ்சுதலை அளக்கும் அளவுகோலாக அவர் கொண்டார்.

ஃபாக் மண்டபத்தின் சுவர்களில் ஒலியை உறிஞ்சும் மெத்தென்ற பொருள் பொருத்தப்பெற்றது. பாடம் கேட்கும் இடமாக அது மாறியது. 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவருடைய கணக்கைத் தழுவிக் கட்டப்பெற்றது. இசைக்கு மிகவும் ஏற்ற உலக மண்டபங்களுள் ஒன்றாக அஃது இன்றும் போற்றப்படுகிறது. ஒலி உறிஞ்சுதலை அளக்கும் அலகு 'சேபின்' என அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு வகுப்பறையின் குறையைப் போக்கப் புகுந்த முயற்சி, புதிய அறிவியல் துறை ஒன்றுக்கு அடிகோலியது. தம் பிழையைத் தாமே கண்டு, உழைத்துப் பெற்றவற்றையும் தயங்காது விலக்கிய நேர்மையே அம்முயற்சிக்கு வெற்றியை அளித்தது.